கைகளைக் கட்டிக்கொண்ட ஆசிரியை

நோர்வேயில் ஒரு சிறிய நகரம். அங்கேயுள்ள நூலகத்தில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்களுக்கு மைதிலி கணினி சொல்லிக்கொடுத்துவந்தார். மாணவர்களில் ஒருவர் அருந்தவம். பேக்கரித் தொழிலாளி, ஆசிரியையைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர் கேட்டார்.

“ரீச்சர், எங்கடை வகுப்பு எஸ்தோனியாக்காரி ஒருக்காச் சொன்னதும் பிடிச்சிடுறா. எனக்கு ஏறுதில்லை. வயதா? இலங்கையிலை நடந்த சண்டையால படிப்பு நிண்டதா? இல்லை, பிறந்த நாடே அப்பிடியா?”

மைதிலி வாய் திறக்குமுன் அருந்தவத்தின் கைபேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து மனைவி சிவகௌரி. நாளைக்கென்றிருந்த இதய அறுவைச் சிகிச்சை இன்றே நடக்கப்போகிறதாம்.

“உங்கடை முகத்தைப் பாத்திட்டுப் போகவேணும் போல கிடக்கு.”

மருத்துவமனை பக்கத்து நகரத்தில். மைதிலியும் அருந்தவமும் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். பனியால் ரயில் ரத்து. விசாரிக்க அங்கே ஆளில்லை.

அருந்தவம் கைபேசியை நீட்டினார். “வேறை வழி இருக்கோ எண்டு நீங்களே பாருங்கோ ரீச்சர்.”

மைதிலி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ.”

“நேரமில்லை ரீச்சர்!”

“வாசியுங்கோ அண்ணை.”

அருந்தவத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறேதோ ஊரை அழுத்திவிட்டார். அழித்தார். மறுபடியும் பிழை. மைதிலி கையை நீட்டவில்லை. பக்கத்தை விட்டு நகரவும் இல்லை.

“கீழை இன்னும் ஏதோ கிடக்கு...” என்று முணுமுணுத்தபடி அருந்தவம் திரையைத் தள்ளினார். நிலையத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பேருந்து புறப்படவிருந்தது.

சிவகௌரியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வகுப்புக்குத் தன் பேக்கரியில் சுட்ட சூடான பணிஸ்களோடு வந்தார்.

“அண்டைக்கு உங்களிலை சரியான கோபம், ரீச்சர். கண் முழிச்சதும் அவ கேட்டா, ஆர் கூட்டிக்கொண்டு வந்தது எண்டு. நானே வழி பாத்து வந்தனான் எண்டு சொன்னன். அந்த நிலைமையிலும் சிரிச்சா. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை.” அவர் கண் கலங்கியது.

“பஸ் இருக்கெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. உங்களை விட்டிட்டு அதைப் போகவிட்டிருக்க மாட்டன்.”

“என்ரை மகனெண்டால் உடனை போனைப் பறிச்சுப் பாத்துச் சொல்லியிருப்பான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை. கெதியா, ஒருக்காச் சொன்னதும் பிடிக்கிறவை எந்த நாட்டுக்காரர்?”

மைதிலி ஒரு பணிஸை எடுத்தார்.

“நாடில்லை அண்ணை, வீடு. பிழை விட்டாலும் கையிலிருந்து பறிக்காத வீட்டுக்காரர்.”