ரெண்டு மூடி

"கருக்கிட்டான் குருவே. ஒரு ஏக்கர் கத்திரியையும் கருக்கிட்டான் பாவி."

மண் பரிசோதனை நிலையத்துக்குள் செருப்போடு நுழைந்தார் சடையப்பன்.

குரு என்றது அங்கே மண் பார்க்கும் நங்கையை. வயதில் அவருக்கு மகள் மாதிரி. போன வருஷம் அவர் மண்ணில் உவர் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவள்தான் குரு.

"யாருங்கய்யா?"

"அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

பேரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக அவர் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன்தான். டேங்குக்கு ரெண்டு மூடி என்று சொல்லி அனுப்பினாராம். அவன் இஷ்டத்துக்கு ஊற்றிவிட்டானாம். டீக்கடை வாசலில் நிறுத்தி, குடிகாரப் பயலே என்று கேட்டுவிட்டாராம். கோபத்தில் எவன் அளந்து பேசுகிறான்? அதிலிருந்து ஊரில் ஒருத்தரும் அவனை மருந்தடிக்கக் கூப்பிடுவதில்லை.

"இருளாண்டியண்ணன் என்ன சொன்னாரு?"

"ரெண்டு மூடிதான் ஊத்துனேன்னு சத்தியம் பண்றான்."

சாட்சிக்குக் கொண்டுவந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை வேறு கம்பெனி. விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரனிடம் மல்லுக்கட்டி வாங்கியது.

பழைய பாட்டில் இருக்கிறதா என்று கேட்டாள்.

மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் போய் எடுத்துவந்தார்.

நங்கை இரண்டு மூடியையும் கழுவினாள். கோடு போட்ட கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி அவரையே அளக்கச் சொன்னாள்.

பழைய மூடி, பத்து மில்லி.

புது மூடி, இருபத்தைந்து.

குழாயில் ஏதோ கோளாறு என்றார். வேறு குழாய் கொடுத்தாள்.

இருபத்தைந்து.

"இருபதுன்னு வச்சுக்கலாமே."

"செடிகிட்டக் கேட்டுப் பாருங்க."

புது பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். டேங்குக்கு இருபது மில்லி என்று போட்டிருந்தது. மூடி என்று எங்கேயும் போடவில்லை.

சடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் எப்பவும்போல ரெண்டு மூடின்னுதானே சொன்னேன்."

"அவரும் ரெண்டு மூடிதான் ஊத்தியிருக்காரு."

சடையப்பன் புது மூடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது.

"என்னைக் கண்டா இப்ப வேற தெருவுல போறான், குருவே."

நங்கை ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"செடியக் கருக்குனவர் அந்தத் தெருவுக்குப் போகட்டும்ங்கய்யா. போய், ரெண்டு மூடின்னு சொன்னது நான்தான்னு ஊர் கேக்கச் சொல்லட்டும். இன்னைக்கே."