எனவே

"என் வகுப்புல யாருக்கும் வாயே கிடையாது மேடம்."

இப்படிப் புலம்பிக்கொண்டே பேராசிரியர் ஜெபராணியின் அறைக்குள் வந்து உட்கார்ந்தார் மயிலேறும்பெருமாள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். இருவருமே இயற்பியல் துறை. மயிலேறும்பெருமாள் சிமெண்ட் ஆலை வேலையை விட்டுவிட்டு, ஆசைப்பட்டுப் பாடம் நடத்த வந்தவர். ஜெபராணி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மயிலேறும்பெருமாள் மனதுக்குள் அவரைத்தான் குருவாக வைத்திருந்தார். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, கௌரவம்.

"வரிக்கு வரி 'புரிஞ்சுதா'ன்னு கேக்கேன். 'புரிஞ்சுது சார்'னு கூரை பிய்யக் கத்துதாங்க. பரீட்சையில வெறும் வெள்ளைத்தாள். நான் இதுக்கு லாயக்கில்ல மேடம். திங்கட்கிழமை ராஜினாமா. பழைய ஆலையில கூப்பிடுதாங்க. நான் சொல்றது புரியுதுல்லா?"

"புரிஞ்சுது சார்!" என்று ராகம் போட்டார் ஜெபராணி.

மயிலேறும்பெருமாளுக்குச் சுருக்கென்றது.

"கிண்டல் பண்ணுதீங்க."

"முதல்ல ஒரு ஆள் 'புரியல'ன்னு சொல்லணும் சார். அவரு வாயத் திறந்தா மத்தவங்க தானா திறப்பாங்க."

"யாரு? கடைசி பெஞ்சு மிக்கேலா?"

"இல்ல. முதல் பெஞ்சுக்கும் முன்னால இருக்கிற ஆளு."

"அங்க பெஞ்சே கிடையாதே!"

ஜெபராணி டீயை உறிஞ்சினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இதுதான் கடைசி வகுப்பு என்று முடிவு கட்டிக்கொண்டுதான் மயிலேறும்பெருமாள் உள்ளே போனார். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை வரிவரியாக எழுதினார். அதனடியில் வழக்கம்போல 'எனவே' என்று போட்டார். அடுத்த வரிக்குப் போன கை நின்றுவிட்டது.

எனவேயா? எதனால்?

வருஷக்கணக்காக அந்த இடத்தை அவர் ஒரே ஓட்டமாகத் தாண்டியிருக்கிறார். அவருடைய வாத்தியாரும் அப்படித்தான் தாண்டினார். வேலையை விட்டுப் போகிற ஆளுக்கு என்ன வெட்கம்? திரும்பி நின்றார்.

"எனக்கு இந்த 'எனவே' புரியல."



கடைசி பெஞ்சில் மிக்கேல் மெல்ல எழுந்தான். "சார், எனக்கு அதுக்கு மேல உள்ள வரியே புரியல."

"எனக்கு அதுக்கும் மேல!" என்றாள் இசக்கியம்மாள்.

சிரிப்பு வெடித்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். பெஞ்சை விட்டுப் பலகைக்கே வந்துவிட்டார்கள். ஒருவன் எழுத, ஒருத்தி அழிக்க, நல்ல சண்டை. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் இசக்கியம்மாள்தான் விட்டுப்போன இரண்டு வரிகளைப் பிடித்தாள். அவற்றை எழுதி, கீழே கொட்டை எழுத்தில் 'எனவே' என்று போட்டாள். வகுப்பே கைதட்டியது. மயிலேறும்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் கண்டதில்லை.

சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு ஜெபராணியின் அறைக்கு ஓடினார்.

"ராஜினாமால்லாம் கிடையாது மேடம்! முன்னால இருக்கிற ஆளு வாயத் திறந்துட்டான்!"

நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னார். அறையிலிருந்த பலகையில் அந்த இரண்டு வரிகளையும் மடமடவென்று எழுதினார். பழக்க தோஷம், நாக்கு சும்மா இருக்குமா?

"புரிஞ்சுதா?"

ஜெபராணி நாற்காலியைப் பலகைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்ல சார். முதல்லருந்து சொல்லுங்க. எனக்கும் அந்த 'எனவே' இதுவரைக்கும் புரிஞ்சதில்ல."