இடது மூலை

அதிரடிப் பிரிவில் இன்னும் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் உதவி ஆய்வாளர் கோமதிநாயகம். கயிற்றில் இறங்குவதிலிருந்து கதவை உடைப்பதுவரை அத்தனையும் பயிற்சியாளர் வகாப் ஐயாவிடம் கற்றவர். மற்றவர் ஜெபசிங். போன வருடம்தான் வந்து சேர்ந்தார். அவருக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே கோமதிநாயகம்தான்.

இப்போது ஜெபசிங் அவரைவிட வேகமாக இறங்குகிறார். முகாமில் எல்லோருக்கும் அவர் ‘நம்ம ஜெபா’. சமையல்காரர்கூட ஜெபாவின் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைக்கிறார். கோமதிநாயகம் அதையும் கவனித்திருந்தார். வயிறு எரிகிறவருக்குத் தன் தட்டில் இருந்த மீன் கண்ணில் படவில்லை.

வகாப் ஐயாவிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் மிஞ்சும் இருவரை அவர் பேட்டி காண மாட்டார். ஒருவரை ஒருவர் பேட்டி காணச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்காது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த ஆள் யாரும் சோடை போனதில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

“முதல்ல நீ கேளு, கோமதி.”

கோமதிநாயகம் கேள்விகளைக் கூர் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“நீ எப்பவாவது பயந்திருக்கியா?”

“பயந்திருக்கேண்ணே. வெள்ளத்துல மாடியில சிக்கின புள்ளைய இறக்கும்போது காலு வெடவெடன்னு ஆடிச்சு.”

“பயப்படுறவனுக்கு இங்க என்ன வேலை?”

“புள்ளைய இறக்கிட்டேண்ணே.”

ஓரத்தில் வகாப் ஐயா தாடிக்குள் சிரித்தார். கோமதிநாயகத்துக்குச் சுள்ளென்றது. இத்தனை நாளில் தன் பதில் எதற்கும் ஐயா அப்படிச் சிரித்ததில்லை.

“இப்ப நீ கேளு, ஜெபா.”

ஜெபா தலையைச் சொறிந்தார். “அண்ணன்கிட்ட நான் என்னத்தக் கேக்க? ஒண்ணே ஒண்ணு. உள்ள நுழைஞ்சதும் நான் வலது மூலையப் பார்த்தா, இடது மூலைய நீங்க பார்த்துக்குவீங்கல்ல?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? முதல் நாள் பாடம்டா இது.”

“அது போதும்ண்ணே” என்று ஜெபா எழுந்து வெளியே போனார்.

அதற்குமேல் கோமதிநாயகத்தால் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?”

வகாப் ஐயா எழுந்தார். “ஜெபாவையும் கூட்டிக்கிட்டுப் போயி குண்டில்லாத துப்பாக்கி வாங்கிட்டு வாங்க. பயிற்சி வீட்டுக்குள்ள சேர்ந்து போகணும். ஜெபா முதல்ல, நீ அவன் பின்னாலயே. விசில் ஊதினதும் நுழையுங்க.”

பயிற்சி வீடு என்பது ஓர் அறைதான். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஜன்னல்களில் சாக்கு அடித்து இருட்டாக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் துப்பாக்கியோடு வந்தபோது வாசலில் விசிலோடு ஒரு காவலர் மட்டும் நின்றார்.

விசில் ஒலித்தது. ஜெபா வலது பக்கம் பாய்ந்தார். கோமதிநாயகம் இடது பக்கம் பாய்ந்தார். கால் பாடத்தை மறக்கவில்லை. கண் மட்டும் ஜெபாவின் பின்னாலேயே போயிற்று.

நிலைப்படியில் ஜெபாவின் பூட்ஸ் இடித்தது. கோமதிநாயகம் குறித்துக்கொண்டார். திரும்பும்போது முழங்கை அகன்றது. அதையும் குறித்துக்கொண்டார். இருட்டில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

“வலது காலி!” என்று ஜெபா கத்தினார்.

“இடது காலி!” என்று இவரும் கத்தினார்.

இருவரும் வெளியே வந்தார்கள். வகாப் ஐயா கைகளைப் பின்னால் கட்டியபடி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“சொல்லு கோமதி. ஜெபா எப்படி?”

“நிலைப்படியில இடிச்சான் ஐயா. முழங்கை அகலுது. எல்லாத்துக்கும் மேல, தேவையில்லாம விசைய இழுத்துட்டான். டிக்குன்னு கேட்டுச்சு. நிஜ வேலையா இருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“ஜெபா, நீ சொல்லு. கோமதி எப்படி?”

“அண்ணனை நான் பார்க்கலைங்கய்யா. என் மூலையத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“சத்தம் உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சுங்கய்யா. இடது பக்கமிருந்து வந்துச்சு. அங்கதான் அண்ணன் இருக்காரேன்னு நான் திரும்பல.”

வகாப் ஐயா பின்னாலிருந்த வலது கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு துப்பாக்கி இருந்தது. தரையைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தார்.

டிக்.

அதே சத்தம். ஐயா கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“உள்ள இடது மூலையில ஒரு நாற்காலி கிடக்கும். எடுத்துட்டு வா.”

கோமதிநாயகம் உள்ளே போனார். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. அவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டியிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஐயாவின் முன்னால் வைத்தார். வகாப் ஐயா உட்காரவில்லை.

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனைக்குப் பிறகும் அவர் வாயில் அந்த ஒரு கேள்விதான் வந்தது.

“அப்ப அந்த இடம் ஜெபாவுக்குத்தானா ஐயா?”

“அவனுக்கு எப்படிக் கொடுப்பேன், கோமதி?” என்றார் வகாப் ஐயா. “நீ அவனைப் பார்த்துக்கிட்டு இருந்தப்பவே நான் அவனைச் சுட்டுட்டேனே.”