பாறைக்குள் வெள்ளை வரி ஓடிய கதை

அந்தக் காலத்தில் பாறைகளுக்கு வாய் இருந்தது. வாய்க்கொழுப்பும் கொஞ்சம் கூடவே இருந்தது. பூமிக்கு வெகு ஆழத்தில், நெருப்புக்குப் பக்கத்தில், கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பாறைக் குலம் வாழ்ந்து வந்தது. அதன் தலைவன் காராளன், நல்ல கறுப்பு. "நாங்க வளைஞ்சதா சரித்திரமே கிடையாது" என்று தினமும் ஒரு தரம் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் தங்கை வெள்ளாயி. பெயருக்கேற்ற வெள்ளை, சட்டென்று சூடேறும் உடம்பு.

அந்தக் குலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் உருகினாலும், தலைவன் தன் பக்கத்தில் இருந்த வெடிப்பைத் திறந்து அவரை வெளியே பிதுக்கித் தள்ளிவிட வேண்டும். உருகுவதைவிடப் பெரிய மானக்கேடு பாறைக்கு வேறில்லையாம்.

ஒரு நாள் தெற்கிலிருந்து ஒரு பெரிய நிலம் நகர்ந்து வந்து அவர்கள்மேல் மோதியது. மோதியதோடு விடவில்லை, நெருக்கிக்கொண்டே இருந்தது. காராளன் பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்து நின்றான். தலைவன் விறைத்தால் எல்லோரும் விறைக்க வேண்டுமே! ஓரத்தில் இருந்தவர்கள் படபடவென்று விரிசல் விட்டார்கள். சிலர் பொடிப்பொடியானார்கள். இப்படியே போனால் குலமே மணலாகிவிடும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நெருக்கத்தில் சூடும் ஏறியது.

"அண்ணே, எனக்கு உடம்பு இளகுது" என்றாள் வெள்ளாயி மெதுவாக.

"சத்தம் போடாத தாயி."

ஆனால் மற்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. "தங்கச்சின்னா கட்டுப்பாடு மாறிருமா? தெறந்து தள்ளுங்க அவள!" என்று ஒரே கூச்சல்.

காராளன் வெடிப்பில் கை வைத்தான். வெள்ளாயி கெஞ்சவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் கவனித்தான், அவள் உருகி வழிந்த இடத்தில் மட்டும் தன் உடம்பு வலிக்கவில்லை. அங்கே அவனுடைய அடுக்குகள் வெல்லப்பாகு பட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின.

வெடிப்பை இறுக்கி மூடினான்.

"தள்ள மாட்டேன். எந்தங்கச்சி நம்ம நடுவுலயே ஓடட்டும். நானும் வளையப் போறேன். இதுல மானம் போச்சுன்னு நெனைக்கிறவன் விறைச்சு நின்னு பொடியாப் போகட்டும்!"

பிறகு ஓர் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பாறை, "எனக்கும் ரொம்ப நேரமா இளகுதுங்க, பயந்து சொல்லல" என்றது. "எனக்கும்!" என்றது இன்னொன்று.

வெள்ளையெல்லாம் உருகி அடுக்கடுக்காகப் பாய்ந்தது. கறுப்பர்கள் உருகவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்தார்கள், மடங்கினார்கள், இழுபட்டு நீண்டார்கள். அதன்பின் ஒருவர்கூட உடையவில்லை. தெற்கு நிலம் நெருக்க நெருக்க, குலம் தடித்து மேலே எழும்பியது. மேகத்தை முட்டியது, தாண்டியும் போனது. கடைசியில் தெற்கு நிலம்தான் மூச்சிரைத்து நின்றது. மேலே மூடியிருந்த மண்ணை மழை கழுவிவிட, காராளன் முதன்முதலாக வெயிலைக் கண்டான்.

"ஏ தாயி, எம்புட்டு ஒசரம் வந்துட்டோம் பாரு!" என்று கத்தினான். அவன் மடிப்புகளுக்குள் குளிர்ந்து இறுகிக்கொண்டிருந்த வெள்ளாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மலை முழுக்க அதிர்ந்தது.

மலைப்பாறையின் கறுப்புக்கு நடுவே வெள்ளை வரி நெளிந்து நெளிந்து ஓடுவதும், எந்த உளி வந்தாலும் அந்த அண்ணனையும் தங்கையையும் பிரிக்க முடியாமல் திரும்பிப் போவதும் அன்று தொடங்கியதுதான்.