சுடலைமுத்து சாரின் மூக்கு

இந்தக் கதையில் சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு நாற்பது. போதாததற்கு, ஒரு காலத்தில் குருவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரே இந்தச் சீடர்தான்.

சீடரின் பெயர் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் எஸ்தர். அதே ஊரில் சின்னதாக ஒரு மாண்டிசோரி பள்ளி நடத்துகிறவர்.

சார் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் கூடி விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுக்கு ஒரு பழைய நினைவை மைக்கில் சொன்னார்கள். எஸ்தரின் முறை வந்தது.

"கணக்குப் போட்டு முடிச்சதும் நாங்க யாரும் நோட்டப் பாக்க மாட்டோம். சார் மூக்கத்தான் பாப்போம். தப்புன்னா மூக்கு விடைக்கும். சரின்னா சும்மா இருக்கும். அத வச்சே பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்துட்டோம்."

மண்டபமே சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு பந்தியில் எஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவா சொன்ன?"

"நெசந்தான் சார். பொதுப் பரீட்சையில வேற யாரோ வந்து நின்னாங்க. அந்த மூக்க எனக்குப் படிக்கத் தெரியல. போட்ட கணக்கையே அடிச்சு அடிச்சுப் போட்டேன்."

அன்றைக்குச் சாருக்குப் பாயசம் இறங்கவில்லை.

"உன் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க யார் மூக்கப் பாக்கும்?"

"வந்து பாருங்க சார்."

அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே போய் நின்றுவிட்டார். நல்ல மனுஷர்கள் அவமானத்தைக் கூடத் தள்ளிப் போட மாட்டார்கள்.

அங்கே கரும்பலகை இல்லை. பெஞ்சு இல்லை. சுவரோரம் தாழ்வான அலமாரிகள். பிள்ளைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்து, பாயை விரித்து, அதன்மேல் வைத்துச் செய்கிறார்கள். முடித்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டுகிறார்கள். ஒருவன் ஒரு கண்ணாடிக் குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒருத்தி சட்டத்தில் கட்டிய துணிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் ஒன்று தள்ளிப் போயிருந்தது. சார் வாயைத் திறந்தார். எஸ்தர் உதட்டில் விரலை வைத்தார்.

கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சியது. அதற்குத் துளை இல்லை. அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.

சார் எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்புன்னும் சொல்லக் கூடாது, சரின்னும் சொல்லக் கூடாதுன்னா, இங்க வாத்தியாருக்கு என்னதான் வேல?"

எஸ்தர் ஒரு நாற்காலியை எடுத்து வந்து மூலையில் போட்டார்.

"உக்காருங்க சார்."

அவ்வளவுதான் பதில். வேலை பார்த்த காலமெல்லாம் நின்றே பழகிய மனிதர். நிற்பதைவிட உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் தினமும் வந்தார். அந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறவர்களைப் பிள்ளைகள் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடும். ஆகவே சுடலைமுத்து சார் அறுபது வயதில் அண்ணா ஆனார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

கோடை விடுமுறை நெருங்கியது. ஜூனில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்குவதாகப் பேச்சு வந்தது.

"அந்த வகுப்ப எனக்குத் தா, எஸ்தர்," என்றார்.

சும்மா கேட்கவில்லை. அந்தப் பாயசம் இன்னும் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு வகுப்பையாவது மூக்கு இல்லாமல் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் ஓய வேண்டும் என்று நினைத்திருந்தார். அது முடியாமல் போனால், இத்தனை காலமும் வாங்கிய சம்பளத்துக்கு என்ன அர்த்தம் என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

எஸ்தர் யோசித்தார்.

"தரேன் சார். தன்ஷிகா ஒரு வேலையையாவது உங்க முகத்தப் பாக்காம முடிக்கட்டும். அன்னைக்குத் தரேன்."

தன்ஷிகா நான்கு வயதுக்காரி. நடுவருடத்தில் வேறொரு பள்ளியிலிருந்து வந்தவள். அங்கே எதைச் செய்தாலும் கையில் நட்சத்திரம் ஒட்டுவார்களாம். இங்கே வந்ததும் நட்சத்திரம் நின்றுபோனது. பிள்ளை தவித்துப் போனாள். ஒவ்வொரு அக்கா முகமாகப் பார்த்துத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மூலை நாற்காலியில் அண்ணாவைக் கண்டுபிடித்தாள். அங்கே எல்லாம் கிடைத்தது.

அவளுக்குப் பிடித்தது உருளைக் கட்டை. நீளமான ஒரு மரக்கட்டையில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு உருளை, தலையில் பிடித்துத் தூக்கக் குமிழ். எல்லாம் ஒரே பருமன், உயரம்தான் வேறு; குழிகளின் ஆழமும் அதற்கேற்ப வேறு. அதனால் எந்த உருளையும் எந்தக் குழியிலும் இறங்கிவிடும். மாற்றிப் போட்டால் உயரமானது நீட்டிக்கொண்டு நிற்கும், குட்டையானது அமுங்கிப் போகும்.

தன்ஷிகா ஒரு உருளையைக் குழிக்கு மேல் பிடிப்பாள். அண்ணாவைப் பார்ப்பாள். மூக்கு விடைக்கும். அடுத்த குழிக்குக் கொண்டுபோவாள். மூக்கு சும்மா இருக்கும். உள்ளே விடுவாள். கட்டையை அவள் குனிந்து பார்த்ததே இல்லை.

"இவ்வளவுதானே," என்றார் சார். "நாளையிலயிருந்து முகத்தக் கல்லு மாதிரி வச்சுக்கிடுதேன்."

வைத்துக்கொண்டார். தன்ஷிகா ஒரு உருளையைச் சரியான குழியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கல்லு. தப்பு என்று நினைத்து எடுத்து வேறு குழியில் போட்டாள். அப்போதும் கல்லு. சரியாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் ஓவென்று அழுதாள். சாருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தன்ஷிகா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, சுவருக்கும் அவருக்கும் நடுவில் விரித்தாள்.

அதற்கு அடுத்த நாள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்தார். தன்ஷிகா கீழே குனிந்து தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது பாப்பா. அண்ணனுக்கு இது ஒண்ணுமே தெரியாது."

"பொய்," என்றாள் தன்ஷிகா. "உங்களுக்குத் தெரியாட்டாலும் உங்க மூக்குக்குத் தெரியும்."

அன்று பிள்ளைகள் போன பிறகு சார் எஸ்தரிடம் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"விடுமுறைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. நான் என்ன செய்ய? மூஞ்சியக் கழட்டி வீட்டுல வச்சிட்டா வர முடியும்?"

"வீட்டுல எதுக்கு சார்? இங்கயே வைக்கலாம்."

எஸ்தர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு, பொருளைக் கையால் தொட்டு அறியும் விளையாட்டுக்காகப் பிள்ளைகள் வைத்திருக்கும் துணி.

"அவளுக்குக் கட்டணுமா?"

"உங்களுக்கு."

மறுநாள் காலை பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, எஸ்தர் பாயை விரித்தார். சார் முட்டி கடகடக்கத் தரையில் உட்கார்ந்தார். எஸ்தர் அவர் கண்ணைக் கட்டி, முன்னால் உருளைக் கட்டையை வைத்து, உருளைகளை வெளியே எடுத்துக் கலைத்துப் போட்டார்.

"செய்யுங்க சார்."

கணக்கு வாத்தியாருக்கு உருளை ஒரு பெரிய விஷயமா? தடவினார். குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி உருளையும் இறங்கியது. நிமிர்ந்தார்.

"சரியா?"

பதில் இல்லை.

"எஸ்தர், சரியா?"

எங்கோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சத்தம் வரும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினார். வகுப்பறையில் தனக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பக்கத்தில் பாவாடை சரசரத்தது.

"அண்ணா, யாரத் தேடுதீங்க?" தன்ஷிகாவின் குரல்.

"யாரையும் தேடல பாப்பா. சரியா இருக்கான்னு கேக்கேன்."

"யார்கிட்ட?"

சார் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மத்த பிள்ளைங்க மாதிரி தடவிப் பாருங்க," என்றாள். "மேல. இப்படி." அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அடுத்தவர் வேலையைத் தொடக்கூடாது என்பது அந்த வகுப்பின் சட்டம். காற்றில் செய்து காட்டினாள். கண் கட்டியிருந்த சாருக்கு அது தெரியவில்லை. ஆனாலும் உள்ளங்கையைக் குமிழ்கள் மேல் வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்தார்.

நடுவில் ஒன்று இடித்தது. அடுத்தது அமுங்கியிருந்தது. இரண்டையும் எடுத்து இடம் மாற்றினார். மறுபடி தடவினார். கை வழுக்கிக்கொண்டு போனது.

அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல ஆள் தேடினார். பிறகு தேடாமல் இருந்தார்.

"நான் செய்யட்டா?" என்றாள் தன்ஷிகா.

"செய் பாப்பா."

சார் பாயைவிட்டு நகர்ந்து உட்கார்ந்து, முடிச்சை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார். எஸ்தரின் குரல் காதருகே கேட்டது.

"அவிழ்க்காதீங்க சார். அவ ஆரம்பிச்சிட்டா."

கையை மடியில் வைத்துக்கொண்டார். உருளைகள் வெளியே வரும் சத்தம். ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துபோனது. சுவாசம் நெருங்கி வந்தது. ஒரு சின்ன விரல் அவர் மூக்கைத் தொட்டது.

சரியா தப்பா என்று அவருக்கே தெரியாது. அதனால் மூக்குக்கும் தெரியவில்லை. அது சும்மா இருந்தது.

விரல் போய்விட்டது.

கிளம்பிப் போய்விட்டாளோ, அழப் போகிறாளோ என்று சார் காதைத் தீட்டிக்கொண்டார். அப்போது குமிழ்கள் மேல் ஒரு உள்ளங்கை போகும் சத்தம் வந்தது. மெதுவாக. பாதியில் நின்றது. ஒரு உருளை வெளியே வந்தது. இன்னொன்று வந்தது. இரண்டும் இறங்கின. மறுபடி உள்ளங்கை. இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. காதை நம்பலாமா என்று தெரியவில்லை.

பாய் சுருளும் சத்தம். அலமாரியில் கட்டையை வைக்கும் சத்தம். காலடிகள். தண்ணீர்க் குவளைகள் இருக்கும் பக்கம் போய்விட்டாள். சரியா என்று கேட்கவில்லை. அண்ணா என்றுகூடக் கூப்பிடவில்லை.

சார் துணியை அவிழ்த்தார். துணி நனைந்திருந்தது. தரையைக் கையால் ஊன்றி எழுந்து, ஜன்னலோரம் நின்ற எஸ்தரிடம் வேகமாகப் போனார்.

"எஸ்தர், அவ எல்லாத்தையும் சரியா வச்சாளா? ஜூன் வகுப்பு எனக்குத்தானே? நான் தேறிட்டேனா, இல்லியா?"

எஸ்தரின் முகத்தில் ஒன்றுமே இல்லை. சார் இன்னும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கட்டை அலமாரியில இருக்கு," என்றார் எஸ்தர். "என் மூக்க ஏன் சார் பாக்குதீங்க?"