சாமுராய் சொன்னது

எங்கள் திண்டுக்கல்லில் சவரிமுத்துவைத் தெரியாத தோல் தொழிலாளி கிடையாது. ஆயுதம் தூக்காமல் ஒன்றும் நடக்காது என்று நாற்பது வருடம் மேடை மேடையாகப் பேசியவர். எழுபது வயதில் அது தப்பு என்று பட்டுவிட்டது. படட்டும், யாருக்கும் படலாம். அதை இருபது பக்கம் எழுதி, ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளர் கூட்டத்தில் வாசிப்பதற்கு முன் திருத்தி வாங்க லூர்துமேரி டீச்சரிடம் போனார். அங்கேதான் வந்தது வினை.

டீச்சர் அவரைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. ஊரில் ஃபிலிம் சொசைட்டி நடத்தியவர். சாமுராய் படம் என்றால் இரண்டு பேருமே உயிரை விடுவார்கள். ஜப்பான்காரன் பேசப் பேசக் கீழே ஓடும் இங்கிலீஷைப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான்.

இருபது பக்கத்தையும் படித்துவிட்டு டீச்சர் கேட்டார்.

"இதுல மூக்கன் எங்க?"

"இது கொள்கை பத்தினது டீச்சர். தனி ஆளை எப்படி..."

டீச்சர் காகிதங்களை மடித்துக் கொடுத்தார். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"வாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வருவோம்."

சவரிமுத்து தயங்கித் தயங்கித்தான் பின்னால் போனார்.

தயங்காமல் என்ன செய்வார்? எண்பத்து நாலில் தோல் பதனிடும் ஷாப்புக் கொட்டகையில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு சாமுராய் படம் போட்டார்கள். சவரிமுத்து மைக் பிடித்து வசனத்தை எல்லாம் தமிழில் சொன்னார். கடைசிக் காட்சியில் கிழட்டுச் சாமுராய் வாளைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே நிற்கும் குடியானவனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவான். அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் இவர் மாற்றிவிட்டார். "இந்த வாளை உனக்காகத்தான் வச்சிட்டுப் போறேன், எடுத்துக்கோ" என்றார். கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. பத்தே நாளில், அந்தப் படம் பார்த்த ஷாப்புத் தொழிலாளி, இருபது வயது மூக்கன், தோல் வெட்டும் கத்தியோடு போய் மேஸ்திரியைக் குத்திவிட்டார். மேஸ்திரி செத்தார். மூக்கனுக்குப் பதினாலு வருடம் ஜெயில். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் ஒட்டுகிறார். சவரிமுத்து அந்தத் தெரு வழியாகப் போகவே மாட்டார், சுற்றித்தான் போவார்.

அன்று சவரிமுத்துவைக் கண்டதும் மூக்கனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். டீச்சர் லேப்டாப்பைத் திறந்து கடைசிக் காட்சியை ஓடவிட்டார். "நம்ம படம்ல இது!" என்று மூக்கன் சிரித்தார்.

"தமிழ் சொல்லுங்க சவரி" என்றார் டீச்சர்.

காட்சி முடிந்தது. டீச்சர் மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவைதான் சவரிமுத்து சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இத்தனை பேரை வெட்டியும் ஒண்ணும் மாறலை. நீயாவது இதைத் தொடாத. வீட்டுக்குப் போ."

மூக்கன் கையில் ட்யூபோடு நின்றார்.

"அன்னைக்கு வேற மாதிரில்ல சொன்னீங்க, தோழர்?"

"ஆமா. மாத்திச் சொன்னேன்."

"அப்ப அந்த ஆளு வீட்டுக்குத்தான் போகச் சொல்லிருக்காரு."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட சவரிமுத்துவுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். மூக்கன் பாட்டுக்கு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழ் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். டீ வந்தது. குடிங்க என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சவரிமுத்து பட்டப்பகலில், கடைவீதி நடுவில், வெட்கம் தாங்காமல் அழுதார். ஞாயிற்றுக்கிழமை மூக்கன் விஷயத்தைத்தான் முதலில் சொல்லப்போவதாகச் சொன்னார். டீச்சர் 'உம்' என்றார். கொஞ்ச தூரம் போனதும் சவரிமுத்து நின்றார்.

"நான் மாத்திச் சொன்னது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே தெரியும் சவரி. ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். நானும் கை தட்டினேன்."