இரண்டு பெயர் வைத்த ஆட்டுக்கூட்டம்

கணீரென்று ஒலிக்காத மணி அது. நாக்கு பாதி உடைந்திருந்ததால் 'ணொக், ணொக்' என்று, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவதுபோல் கேட்கும். தவமணி தொட்டிலில் கிடந்தபோதே கேட்ட சத்தம். அப்போது அது ஓர் ஆட்டின் கழுத்தில் இருந்தது.

தவமணிக்கு வெயிலுமுத்து, கொண்டல்சாமி, மாசானம் என்று மூன்று அண்ணன்கள். மூவரும் சேர்ந்து யோசித்தால் ஒருவன் சும்மா இருப்பதற்குச் சமம். அவர்களுடைய ஐயா சாகக் கிடக்கும்போது, ஆடுகளைக் கோயிலுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அதே ஆடுகளைத் தவமணிக்குச் சீராகக் கொடுக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிவிட்டார்.

தவமணிக்குக் கல்யாணம் கூடியது. ஆடு வந்தால்தான் தாலி என்று மாமியார்க்காரி சொல்லியனுப்பினாள்.

கோவில்பட்டிக்குப் போய் கம்ப்யூட்டர் மொழி படித்துவந்த கொண்டல்சாமி வழி கண்டுபிடித்தான்.

"கம்ப்யூட்டர்ல ஒரு தொகுப்புக்கு ரெண்டு பேரு வைக்கலாம்ணே. வாத்தியாரே சொன்னாரு. புதுப் பேருக்குன்னு தனியா இடம் வேண்டாமாம்."

"புல்லு?" என்றான் வெயிலுமுத்து.

"அதுவும் வேண்டாம்."

வெயிலுமுத்து பட்டிக்குள் போய் "நேர்த்தி" என்று கூப்பிட்டான். எல்லா ஆடும் திரும்பிப் பார்த்தன. "சீரு" என்றான். மறுபடியும் எல்லாம் திரும்பின.

"ரெண்டு கூட்டமும் முழுசா இருக்குல," என்று கண்கலங்கினான்.

"ஆடு அதேதானேண்ணே?" என்றாள் தவமணி.

"பேரு ரெண்டு தாயி. நீ படிக்கல."

முதலில் 'நேர்த்தி'யைக் கோயிலில் விடுவதென்று முடிவாயிற்று. தொகுப்பை மொத்தமாகத் தொடாதே, நடப்பு உருப்படியை மட்டும் எடு என்பதும் வாத்தியார் சொன்னதுதான்.

"எது நடப்புன்னு எப்படித் தெரியும்?" என்றான் மாசானம்.

"மணி எந்தக் கழுத்துல கெடக்கோ அதுதான்."

அப்படியே ஓர் ஆட்டுக்கு மாலை போட்டு, மணியைக் கட்டிக் கோயிலில் விட்டார்கள். மணியைக் கழற்றிக்கொண்டு வந்து அடுத்ததற்குக் கட்டினார்கள். கடைசி ஆடும் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

கல்யாணத்தன்று காலையில் 'சீரை' ஓட்டிப்போகப் பட்டியைத் திறந்தார்கள். புழுக்கைதான் கிடந்தது.

"நேர்த்தியத்தானல குடுத்தோம். சீரு எங்க போச்சு?" என்றான் வெயிலுமுத்து.

"கோவிச்சுட்டுப் போயிருக்கும். நேர்த்திக்குத்தான மாலை போட்டோம்," என்றான் மாசானம்.

தவமணி கூறைப்புடவையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்பிப் போய்விடும்.

"கூப்பிட்டுப் பாருண்ணே," என்றான் கொண்டல்சாமி.

"சீரு," என்று கூப்பிட்டான் வெயிலுமுத்து. எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்க மாசானம் திரும்பினான்.

இருவரும் அவனையே பார்த்தார்கள். பிறகு மணியைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் கட்டினார்கள்.

மாமியார்க்காரி மாசானத்தின் பல்லைப் பிடித்துப் பார்த்தாள். முதுகைத் தடவினாள்.

"புல்லு திங்குமா?"

"சோறே திம்பான் அத்தே," என்றாள் தவமணி, தலை நிமிராமல்.

"வெறகு சொமக்குமா?"

"சொமப்பேன்," என்றான் மாசானம்.

"எந்த ஆடு வெறகு சொமக்கும்?" என்று அவள் மகிழ்ந்துபோனாள். தாலி ஏறியது.

அடுத்த வாரம் கொண்டல்சாமி பாடத்தின் மறுபாதியைப் படித்துவிட்டு ஓடிவந்தான். ஒரே தொகுப்புக்கு இரண்டு பெயர் இருந்தால், ஒரு பெயரில் சேர்த்தது மற்றதிலும் சேர்ந்துவிடுமாம். சீரில் சேர்ந்த மாசானம் நேர்த்தியிலும் சேர்ந்தாயிற்று என்று நல்ல பிள்ளையாகக் கோயிலிலும் போய்ச் சொல்லிவிட்டான். பூசாரி மாலையோடு வந்தார்.

மாசானம் ஆறு மாதம் தங்கை வீட்டிலும் ஆறு மாதம் கோயிலிலுமாக இருந்து, வயதாகிச் செத்துப்போனான்.